மேல கட்டுவீங்களா, மாட்டீங்களா?

1

நெதர்லாந்தில் வெயில் அடித்தால் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுவார்கள். அடிக்காவிட்டாலும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் வெயிலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், திட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பேச விஷயமே இல்லாமல் போயிற்று.

அமர்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில், தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் என் கணவர் சாமுவேலும் மகள் ரூத்தும் இருக்கிறோம். எங்கள் வரிசையில் சோலார் பேனல் இல்லாத கூரை எங்களுடையது மட்டும்தான். எதிர்வீட்டுக்காரர் எப்போது என்னைப் பார்த்தாலும் முதலில் என் கூரையைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் வணக்கம் சொல்வார். அந்தப் பார்வை தாங்காமல் கடைசியில் ஓர் ஆலோசகரை வரவழைத்தோம். இந்த வீடு சோலாருக்குத் தோதானதுதானா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பெயர் பிராம்.

பிராம் மழையில் சைக்கிளில் வந்தார். காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். கூரை எந்தத் திசையைப் பார்க்கிறது, பக்கத்து வீட்டுப் புகைபோக்கியின் நிழல் விழுமா, ஓடு எவ்வளவு பழையது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுகிறவள் நான். அன்றைக்கு வீம்பாக டச்சு மொழியில் பதில் சொன்னேன்.

டச்சு மொழியில் சூரியனுக்கு ‘ஸொன்’. மகனுக்கு ‘ஸோன்’. குறில், நெடில் வித்தியாசம்தான். குறில் நெடிலைக் குட்டு வாங்கிப் படித்த தமிழச்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“எங்கள் கூரைக்குக் காலையில் மகன் வருவதில்லை” என்றேன் பிராமிடம். “மத்தியானத்துக்கு மேல்தான் வருவான். கோடையில் ராத்திரி வரைக்கும் இருப்பான்.”

“குளிர்காலத்தில்?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“குளிர்காலத்தில் மகன் எங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.”

பிராம் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ரூத் தலையில் கை வைத்துக்கொண்டு, “அம்மா, ஸொன்! ஸொன்!” என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில் அவளை ‘ருட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு அவள் உடனே திரும்புகிறாள். நான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவாள்.

போகும்போது பிராம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பேனல்கள் இருபத்தைந்து வருடம் உழைக்கும். இந்த வீட்டில் எத்தனை காலம் இருப்பதாக உத்தேசம்?

சாமுவேல் கூரையைப் பார்த்தார். நான் சாமுவேலைப் பார்த்தேன். படியிலிருந்து ரூத்தின் குரல் வந்தது: “ஆல்டெய்ட்.” எப்போதும் என்று அர்த்தம். பிராம் சிரித்துக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். உங்கள் வீடு தோதானதுதான் என்று சொல்லிவிட்டு மழையில் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

2

வருடத்தில் பாதி நாள் வெளிச்சமே இல்லாத கூரைக்கே சோலார் தோது என்றால், மே மாதத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத எங்கள் சதுரங்கப்பட்டினத்து மொட்டை மாடி என்ன பாவம் செய்தது? அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாள் வந்துகொண்டிருந்தது. இதற்கு முன்னால் நான் கொடுத்த பரிசுகள், கம்பளிப் போர்வை உட்பட, அத்தனையும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. இந்த முறை பீரோவுக்குள் வைக்க முடியாத ஒன்றைக் கொடுப்பது என்று முடிவு செய்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

என் அப்பா தேவராஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் பக்கத்து அணுமின் நிலையத்தில் உதவியாளாக நுழைந்து, டர்பைன் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் கரண்ட் போய்விட்டால், ஏன் போனது என்று ஜனங்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்துதான் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கேட்கிறார்கள். அவரும் பதில் சொல்கிறார்.

“இன்னா பாப்பா சொல்ற? என் வூட்டு மேல சோலாரா?”

“ஆமாம்பா. நம்ம ஊர்ல வெயிலுக்கு இன்னா கொறச்சல்?”

“வெயிலுக்குக் கொறச்சல் இல்ல. மரியாதிக்குத்தான் கொறச்சல். ஊருக்கே கரண்ட் குடுத்த ஆளு நானு. டர்பைன் சத்தம் இன்னும் காதுல கேட்டுகினு கீது. நான் போயி, கண்ணாடி பிளேட்ட மேல வெச்சிட்டு வெயில் வருமா வருமான்னு குந்திகினு இருக்கணுமா?”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தியே, எனக்கு ஏசி போட்டியா நீ?”

அம்மாவின் குறை நியாயமானது. படுக்கையறையில் ஏசி இருக்கிறது. அதன் ரிமோட் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. மின்கட்டணம் ஒரு ஸ்லாபிலிருந்து அடுத்த ஸ்லாபுக்குத் தாண்டிவிடக் கூடாது என்பது அப்பாவின் வாழ்க்கைக் கொள்கை. தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே மீட்டரைப் போய்ப் பார்ப்பார்.

“சோலாரு போட்டா பகல்ல ஏசி போட்டுக்கலாமா எஸ்தரு?” என்று அம்மா என்னைக் கேட்டாள்.

“தாராளமா போட்டுக்கலாம்மா.”

அந்தக் கணத்திலிருந்து அம்மா என் கட்சி. அப்பாவுக்கு வேறு வழியில்லை. “செரி, வூடு அதுக்குத் தோதா கீதான்னு மொதல்ல ஆளு வந்து பாக்கட்டும். தோதா இல்லன்னா அப்புறம் பேச்சே கெடையாது” என்றார்.

வீடு தேறாது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அடுத்த வாரங்களில் காரணங்கள் குரல் பதிவாக வந்துகொண்டே இருந்தன. கடல் காற்றில் உப்பு. காக்கா எச்சம். அடுத்த வீட்டுத் தென்னை மரம். “புயல் வந்துச்சின்னு வெய்யி, பேனலு பறந்து போயி டச்சுக்காரன் கோட்டைக்குள்ள வுழும். அப்புறம் போலீசு என்னியத்தான் புடிக்கும்.” ஒரு நாள் தும்மலை மட்டும் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அது தவறுதலாக வந்தது என்று பிறகு தெரிந்தது.

3

மே விடுமுறைக்கு நானும் ரூத்தும் ஊருக்குப் போனோம். சாமுவேலுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கத்திரி வெயிலில் யாராவது ஊருக்கு வருவார்களா என்று விமான நிலையத்திலேயே அம்மா திட்ட ஆரம்பித்து, கோவளம் தாண்டும்போது முடித்தாள்.

வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் கரண்ட் பில்லை எடுத்து வைக்கச் சொன்னார்கள் சோலார் கம்பெனியில். எடுத்துப் பார்த்தேன். இணைப்பு ‘தேவராணி’ என்ற பெயரில் இருந்தது.

“யாருப்பா இது தேவராணி?”

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அம்மாதான் சொன்னாள். வீடு கட்டிய காலத்தில் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் அப்பாவின் நண்பர் ஒருவர். அவர் கையெழுத்து அப்படி. தேவராஜ், தேவராணியாகிவிட்டார். மாற்றுவதற்கு அப்பா அப்போதே அலைந்திருக்கலாம்; பில்தான் ஒழுங்காக வருகிறதே என்று விட்டுவிட்டார். வீட்டு வரி ரசீதில் தேவராசு. ஆதாரில் தேவராஜ். ஆக, எங்கள் வீட்டில் மூன்று பேர் என் அம்மாவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

“சோலாருக்கு எழுதிக் குடுக்க தேவராணி கையெழுத்து வேணுமாம்பா.”

“பாத்தியா, வூடு தோதா இல்ல” என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, மிகுந்த நிம்மதியோடு.

நான் விடவில்லை. மின்வாரிய அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி நல்ல மனுஷி. ஒரு முறை பில்லைப் பார்த்தார், ஒரு முறை அப்பாவின் மீசையைப் பார்த்தார். “பேர் மாத்தறதுக்கு எழுதிக் குடுங்க சார், பண்ணிடலாம்” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எந்தெந்தத் தாள் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு ஆம்ஸ்டர்டாமில் விசாத் தாள்களோடு நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. அங்கே என் அப்பா பெயரை என் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டுவிட்டார்கள். அதனால் அந்த நாட்டு அரசாங்கம் இன்றைக்கும் எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் ‘மதிப்புக்குரிய திருமதி தேவராஜ்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அதாவது என் அம்மாவுக்கு எழுதுகிறது.

4

வீட்டைப் பார்க்க வந்தவர் செங்கல்பட்டைச் சேர்ந்த குமார். என் வயதுதான் இருக்கும். நல்ல தொந்தி. பைக்கை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்தார்.

“இன்னா அண்ணாத்த, பிளாண்ட்டுல இருந்தவரு வூட்டுக்கே சோலாரா? காலம் மாறிடுச்சி!”

அப்பாவுக்கு அவரைப் பிடிக்காமல் போக இந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ஆனாலும் அவர் பின்னாலேயே மாடிப்படி ஏறினார். அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ரூத் செருப்பில்லாமல் மாடியில் கால் வைத்துவிட்டு, ஆவென்று டச்சில் அலறிக்கொண்டு குமாரின் பை மேல் ஏறி நின்றாள்.

குமார் கைப்பேசியில் திசை பார்த்தார். டேப்பை நீட்டி அளந்தார். அப்பா ஒவ்வொரு காரணமாக எடுத்து விட, குமார் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

“உப்புக் காத்து?”

“அலுமினியத்துல ஸ்டாண்டு போட்டுக்கலாம் அண்ணாத்த.”

“தென்ன மரம்?”

“அது வடக்கால கீது. நெழலு இந்தப் பக்கம் வராது.”

“காக்கா?”

“கழுவி வுடுங்க.”

“தளம் ஒழுவுது.”

“எங்க ஒழுவுது?” என்று அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். “ஒரு சொட்டு ஒழுவுனதில்ல என் வூடு!”

அப்பாவின் கையில் வேறு சரக்கில்லை. வீடு பாஸ் ஆகிவிட்டது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் குமார் மாடியின் நடுவே போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தக் கம்பி இன்னா?”

தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் தலையில் நிற்கிற அதே கம்பிகள்தான். கீழ்த்தளத்துத் தூண்களின் இரும்புக் கம்பிகளை அறுக்காமல், மேலே ஒரு மாடி எழுப்பும்போது உதவும் என்று ஆள் உயரத்துக்கு விட்டுவைத்திருப்பார்கள். நான் கல்லூரியில் படித்தபோது கட்டிய வீடு. பாப்பாவுக்குக் கல்யாணமாகி வந்தால் மேலே இருப்பாள் என்று அப்பா விட்டுவைத்த கம்பிகள். துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தது. வருடா வருடம் செங்காவி நிறத்தில் பெயிண்ட் வேறு அடிப்பார்.

“கரெக்டா பேனலு படுக்குற எடத்துல நிக்குது” என்றார் குமார். “தூக்கிக் கட்டலாம்னா கடலு பக்கம், காத்து வாரிகினு போயிடும். தாழத்தான் போடணும். அப்ப இத்த அறுத்தாவணும். ஆனா மேல மாடி கட்டற ஐடியா இருந்தா இப்ப பேனலு போடாதீங்க. போட்டுட்டு அப்புறம் கழட்டறதெல்லாம் வெட்டிப் பேஜாரு. மேல கட்டுவீங்களா, மாட்டீங்களா? அத்த மொதல்ல சொல்லுங்க.”

இதைவிடச் சாதாரணமான கேள்வி இருக்க முடியாது. அவர் தினமும் நாலு வீட்டில் கேட்கிற கேள்வி.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குமாரின் தொந்தியைப் பார்த்தாள். பாட்டிலுக்குள் காற்று புகுந்து லேசாக ஊதியது.

“நாளைக்கி சொல்றேன் தம்பி” என்றார் அப்பா. அவ்வளவு நேரம் சண்டைக்கு நின்ற குரல் அல்ல அது.

5

அன்று சாயங்காலம் வீட்டில் இருக்க முடியாமல் ரூத்தை அழைத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். டச்சுக்காரர்கள் கட்டி, பிறகு இடிந்துபோன கோட்டை. நான் சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய இடம். உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. காவல்காரர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பூட்டைத் திறந்து விட்டார்.

வழியில் பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய என் மகள், கல்லறைக் கல்லைப் பார்த்ததும் கடகடவென்று படித்தாள். படித்துவிட்டு, “ஸ்பெல்லிங் தப்பு” என்றாள்.

“பழைய காலத்து ஸ்பெல்லிங் ரூத்.”

“இருந்தாலும் தப்பு.”

காவல்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “இத்தினி வருசமா இதக் காவ காத்துகினு கீறேன். இன்னா எழுதிகீதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னா பாப்பா எழுதிகீது?”

ரூத் தன் தமிழைத் திரட்டிக்கொண்டாள். “இங்க ஒரு ஆள் படுத்திருக்கு.”

“அது எனக்கே தெரியும்” என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

வெளியே வரும்போது ரூத் கேட்டாள். “இவங்க எல்லாம் ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகல?”

“செத்துப் போயிட்டாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

காற்று பலமாக அடித்ததால் காதில் விழாத மாதிரி நடந்தேன். திரும்பி வருவோம் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்ததில்லை. வர மாட்டோம் என்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும், “பாக்கலாம்மா, ரூத் படிப்பு முடியட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரூத் இன்னும் ஆரம்பப் பள்ளியில்தான் இருந்தாள். இப்போது ஓர் ஆள் டேப்பை வைத்துக்கொண்டு வந்து, ஆமாவா இல்லையா என்று கேட்டுவிட்டார். வீட்டுக்குப் போவதற்குள் சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எப்படிச் சொன்னாலும் அம்மா அழுதாள்.

6

அப்பாவும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, இருவரும் பார்க்கவில்லை. நான் டிவியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். முந்தானையைக்கூடத் தயாராகப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, அந்தக் கம்பி விஷயம்...”

“இரு பாப்பா” என்றார் அப்பா. “நான் ஒண்ணு சொல்றேன். கோச்சுக்கக் கூடாது.”

“நானும் ஒண்ணு சொல்லணும்பா.”

“மொதல்ல நான் சொல்லிடறேன்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மேல கட்டறதெல்லாம் என்னால ஆவாது. இந்த வயசுல சிமெண்ட்டு, ஜல்லி, மேஸ்திரி, எவன் மாரடிக்கறது? அந்தக் கம்பிய எப்பவோ அறுத்திருப்பேன். எத்தினி லுங்கி கிழிஞ்சிகீது தெரியுமா? உங்கம்மா மனசு ஒடஞ்சிடுமேன்னுதான் வுட்டு வெச்சேன்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எம்மனசா?”

“ஆமா. பொண்ணு வருவா, மேல குடி வெப்போம்னு நீதான சொல்லிகினு இருந்த?”

“அது வூடு கட்டற காலத்துல சொன்னது! நீதான் வருசா வருசம் கம்பிக்குப் பெயிண்ட் அடிச்சிகினு இருந்த. பாவம், பொண்ணு மேல இம்மாம் ஆச வெச்சிகினு கீறாரேன்னு நான் வாயத் தொறக்கல!”

“நீ கீழ நின்னு பாத்துகினே இருந்தியே, அதான் அடிச்சேன்!”

“ஏணிலேருந்து வுழுந்துடப் போறியேன்னு பாத்தேன்யா!”

இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக இரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின.

“நீ வர்றதா இருந்தியா இன்னா?” என்று அம்மா கேட்டாள். அந்தக் குரலில் கொஞ்சம் கலவரம் இருந்ததாக எனக்குப் பட்டது.

“இல்லம்மா. அதத்தான் சொல்ல வந்தேன்.”

“அப்ப இன்னா பேஜாரு?” என்றாள் அம்மா. அப்பா ஒரு பெரிய மூச்சு விட்டு, சாய்ந்து உட்கார்ந்து, டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது. பிறகு கோபம் வந்தது. விமானத்தில் வரும்போதெல்லாம், நம்மை எதிர்பார்த்து இரண்டு ஜீவன்கள் காத்திருக்கின்றனவே என்று எத்தனை முறை கண்ணைத் துடைத்திருப்பேன். இவர்கள் என்னடாவென்றால், காத்திருப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, அது ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவர் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் ஒருவர் கீழே நின்று பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

“நான் வர மாட்டேன்னு எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே விகாரமாக இருந்தது.

அப்பா அம்மாவைக் கை காட்டினார். அம்மா யோசிக்கவே இல்லை.

“நீ கிரைண்டரு தூக்கிகினு போனியே, அன்னிக்கே தெரியும்.”

“கிரைண்டரா?”

“ஆமா. துணிமணிய எல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டு, பொட்டிக்குள்ள மாவு ஆட்டற கிரைண்டர வெச்சிகினு போன. அந்தக் கல்லுக்கு ஏர்போட்டுல சண்ட வேற போட்ட. திரும்பி வர்றவ அம்மாம் பெரிய கல்லத் தூக்கிகினு போவாளா?”

நான் முந்தானையை உபயோகித்தேன். கூடத்தில் அழுதது நான் ஒருத்திதான். ரூத் பயந்துபோய், ஆயாவும் தாத்தாவும் அம்மாவைத் திட்டினார்களா என்று என்னிடம் டச்சில் கேட்டாள். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

“அழுவாத. வர்றப்ப எல்லாம் இருக்கறதுக்கு கீழ ரூமு கீது இல்ல? போதும். மேல கட்டினா யாரு பெருக்கறது?”

7

மறுநாள் ஒரு வெல்டர் வந்து கம்பிகளை அறுத்தார். பொறி பறந்தது. ரூத் அதைப் படம் பிடித்துத் தன் வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பினாள். கடைசிக் கம்பி விழுந்ததும் அப்பா மாடியின் நடுவே குறுக்கும் நெடுக்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார். பிறகு, “நல்லாதான் கீது” என்றார், யாரோ கேட்ட மாதிரி. கம்பிகளைப் பின்பக்கம் நட்டுப் பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு, மழைக்காலம் முடியும் தறுவாயில்தான் எல்லாம் நடந்தது. தேவராணி மறைந்தார், தேவராஜ் பெயரில் முதல் பில் வந்தது. அப்பா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கீழே “ஜென்ட்ஸ்” என்று எழுதியிருந்தார். குமார் ஆட்களோடு வந்து பேனல்களைப் போட்டார். வீட்டு மின்சாரத்தை எங்கிருந்தும் பார்க்கும்படியாக என் கைப்பேசியில் ஒரு செயலியையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இங்கே இருட்டில் எழுந்து, இருட்டில் ரூத்துக்கு ரொட்டி கட்டும்போது அதைத் திறந்து பார்ப்பேன். அந்நேரம் ஊரில் வெயில் ஏறி நின்றிருக்கும். திரையில், பேனல் தரும் மின்சாரத்தைக் காட்டும் கோடு குன்று மாதிரி உயர்ந்திருக்கும். கண்ணாடி பிளேட் என்று இளக்காரம் பேசிய அப்பா, இப்போது மொட்டை மாடியை ‘நம்ம ஸ்டேஷன்’ என்கிறார். சாயங்காலம் ஷிஃப்ட் முடித்தவர் மாதிரி கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை யூனிட் என்று ரிப்போர்ட் கொடுக்கிறார். தெருக்காரர்களுக்கு மாடியைச் சுற்றிக் காட்டுகிறாராம். ஏசி ரிமோட் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் நல்ல வெயிலில் கோடு திடீரென்று சரிந்தது. நான் பதறிப்போய்ப் படம் தெரியும்படி கூப்பிட்டேன். அப்பா கைப்பேசியோடு மாடிக்கு ஓடினார். அம்மா இரண்டு பேனல்கள் மேல் நெத்திலியைப் பரப்பிவிட்டு, காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மேரி! ஸ்டேஷன்ல மீனு காயப் போடற!” என்று அப்பா கத்தினார்.

“தரைல போட்டா மண்ணு ஒட்டுது. இது நல்லா வழவழன்னு கீது” என்ற அம்மா, என்னைத் திரையில் பார்த்தாள். “எஸ்தரு, நான் இதும்மேல இன்னா போட்டாலும் அங்க உனக்குத் தெரியுமா?”

“இன்னான்னு தெரியாதும்மா. கோடு இறங்கறது தெரியும்.”

“ஓகோ” என்றாள் அம்மா.

போன மாதம் ஒரு கூட்டத்தில் இருந்தேன். என் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் செயலியைத் திறந்தால், உச்சி தாண்டிய நல்ல வெயிலில் கோடு விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தது. மீனைப் பரப்பினால் அப்படி ஆகாது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்து கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

“பேனலுக்கு என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணியும் ஆவல. பெட்ஷீட்ட போட்டுப் போட்டு எடுத்தேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். பேசலாம்னு.”

“அதுக்கு மாடி ஏறி, முட்டி வலியோட இதெல்லாம் எதுக்கும்மா? போன் பண்ண வேண்டியதுதானே?”

“போன் பண்ணா மீட்டிங்குல கீறேன்னு கட் பண்ணிடற” என்றாள் அம்மா. “இத்த கட் பண்ண முடியாது இல்ல?”